பஞ்சம் போட்ட பாதை

கொல்லிமலையில் ரயில் ஓடியதே இல்லை. சோளக்காட்டுச் சந்தையில் விலைபோகும் மிளகும் பலாவும் அன்னாசியும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் காரவள்ளிக்கு வருகின்றன. அங்கிருந்து சேந்தமங்கலம், நாமக்கல் என்று லாரியிலும் பஸ்ஸிலும்தான் பயணம். மலையடிவாரத்து நாமக்கல்லுக்கே ரயில் வந்தது 2013-இல்தான். அந்த ஆண்டு மே மாதம் சேலம்–கரூர் அகலப் பாதை திறக்கப்பட்டபோது, இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கி 160 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய சேலம் மாவட்டத்தின் தென்பகுதி இப்படிக் காத்துக் கிடந்தது. வடபகுதியில் நடந்தது வேறு. அங்கே நூறாண்டுக்கு முன்பே ரயில் வந்தது. வந்த ரயில் போயும்விட்டது. மொரப்பூரில் கிளம்பி, தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், மத்திகிரி வழியாக ஓசூர் வரை போன குட்டி ரயில் அது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906-இல் ஓடத் தொடங்கியது. 1913-இல் ஓசூரைத் தொட்டது. மொத்தம் ஏறத்தாழ 118 கிலோமீட்டர். தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலம் இரண்டரை அடி. தருமபுரிக்கு ரயில் வருவதற்கு ஓராண்டு முந்தி, 1905-இல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இதே அகலத்தில் இன்னொரு பாதை, சுமார் 40 கிலோமீட்டருக்குப் போடப்பட்டிருந்தது. சுதந்திரம் வருவதற்குள் இரண்டுமே இல்லாமல் போயின.

கொல்லியையும் தருமபுரியையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியும், தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் நிற்பவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓசூர் மேட்டுநிலம் தொடங்கி நாமக்கல் வரை எல்லாமே சேலம் கலெக்டரின் ஆளுகை. தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனித்தனி மாவட்டங்கள் ஆயின. அந்தப் பெரிய மாவட்டத்தில் எந்த ஊருக்கு ரயில் கொடுப்பது, எந்த ஊரை விடுவது என்று யார், எதற்காக முடிவு செய்தார்கள் என்பதற்கு மொரப்பூர்–ஓசூர் பாதையைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அந்தப் பாதையை மேற்கே நீட்டிக்கொண்டே போய், 1861-இல் சேலத்துக்குக் கொண்டுவந்தது. மறுவருஷம் அரபிக் கடலோரத்துப் பேப்பூர் பக்கம் கொண்டுசேர்த்தது. வங்கக் கடலையும் அரபிக் கடலையும் இணைப்பதுதான் கம்பெனியின் நோக்கம். அதனால் ஜோலார்பேட்டையில் தெற்கே திரும்பிய பாதை திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி என்று சேலத்தைப் பார்த்துப் போய்விட்டது. தாலுகா தலைமையிடங்களான தருமபுரியும் கிருஷ்ணகிரியும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் மேற்கே ஒதுங்கி நின்றன. ஓசூர் அதற்கும் அப்பால், மேட்டுநிலத்தின் மேல் இருந்தது.

அந்த முப்பது கிலோமீட்டர் எவ்வளவு பெரிய தூரம் என்பது பதினைந்தே ஆண்டில் தெரிந்துபோயிற்று.

1876-இல் மழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். அதனால்தான் இன்றும் அது தாது வருஷப் பஞ்சம். கும்மிப் பாட்டுகளில் தங்கிவிட்ட பஞ்சம். 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையில் தென்னிந்தியாவிலும் பிற பகுதிகளிலுமாக 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது மதிப்பீடு. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து 1881-இல் எண்ணியபோது இருந்தவர்கள் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், பிழைக்க வழிதேடி ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் சேர்ந்த குறைவு இது.

நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. கப்பல்களில் அரிசி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து குவிந்தது. அதை ரயில் உள்நாட்டு ஸ்டேஷன்கள் வரை கொண்டுவந்து இறக்கவும் செய்தது. சிக்கல் அதற்கு அப்பால் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போக மாட்டுவண்டியை விட்டால் வேறு வழி இல்லை. மழை பொய்த்த சீமையில் மாட்டுக்குத் தீவனம் ஏது? ஏரி, குளம் எல்லாம் வறண்ட பாதையில் தண்ணீர் ஏது? இழுக்க மாடில்லாமல் வண்டிகள் நின்றன. வண்டி போகாத ஊர்களுக்குத் தானியமும் போகவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்து ஊருக்குக் கிடைத்த மூட்டை, இரண்டு நாள் வண்டிப் பயணத் தூரத்து ஊருக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்த இடத்திலும் போதவில்லை. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைக்க அரசின் தூதராக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க முடியாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அந்தச் சண்டையையும் பஞ்சத்தின் மற்ற விவரங்களையும் வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதிப் பதிவு செய்துவைத்தார்.

பஞ்சம் ஓய்ந்த பின் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1880-இல் அது தந்த அறிக்கையில் ரயிலுக்குப் பெரிய இடம் இருந்தது. உடனடியாக 5,000 மைல் பாதை வேண்டும். நாடு முழுவதும் 20,000 மைல் பாதை அமைந்தால்தான் பஞ்சத்திலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும் என்றது கமிஷன். இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கப் பஞ்ச நிதி ஏற்பாடு செய்யப்பட்டது. லாபம் தராது என்று தெரிந்தே, பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோவதற்காகப் போடும் பாதைகளுக்குப் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் என்று பெயர்.

ரயில்தான் மருந்து என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. காவிரியிலும் கோதாவரியிலும் அணைகட்டிப் பெயர்பெற்ற சர் ஆர்தர் காட்டன், தண்டவாளத்துக்குக் கொட்டும் பணத்தை வாய்க்கால்களுக்குக் கொட்டுங்கள் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ரமேஷ் சந்திர தத்தும் பாசனத்தைப் புறக்கணித்து ரயிலுக்கே முதலிடம் கொடுத்ததைக் கண்டித்து எழுதினார். ரயில் வந்த ஊருக்குத் தானியம் வரவும் செய்யும். விலை கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு அதே ரயிலில் தானியம் வெளியேறவும் செய்யும் என்ற வாதமும் இருந்தது. இந்த வாதங்களில் உண்மை உண்டு. ஆனாலும் ஆற்றுப் பாசனம் அதிகமில்லாத, ஏரிகளையும் மானாவாரியையும் நம்பிய தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமைக்கு ஒரு தண்டவாளம் தேவைப்பட்டது என்பதை மாடு செத்த வண்டிப் பாதைகள் ஏற்கெனவே காட்டியிருந்தன.

அறிக்கை வந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் சேலம் மாவட்டத்துக்குப் பாதுகாப்புப் பாதை வந்தது. 1905-இல் கிருஷ்ணகிரி, 1906-இல் தருமபுரி. அரசுப் பணத்தில் கட்டப்பட்டு, ஓட்டும் பொறுப்பு மெட்ராஸ் ரயில்வேயிடம் தரப்பட்டது. 1908-இல் அந்தக் கம்பெனியின் பாதைகள் இரண்டாகப் பிரிந்தபோது, ஜோலார்பேட்டை–மங்களூர்ப் பகுதியோடு இந்தக் குட்டிப் பாதைகளும் தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு மாறின.

மொரப்பூர் ஸ்டேஷனைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஐந்தரை அடி அகலத்தில் மெயின் லைன். சென்னைக்கும் மலபாருக்கும் போகிற பெரிய ரயில்கள் அதில் வரும். மறுபக்கம் இரண்டரை அடிப் பாதை. பெரிய வண்டியின் பெட்டி சின்னத் தண்டவாளத்தில் ஏறாது. கேஜ் மாறும் எந்த ஸ்டேஷனிலும் உள்ள சங்கடம் இது: சரக்கு முழுவதையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது கூலியாட்களின் தலையும் முதுகும்தான். பெரிய வேகனின் கதவைத் திறந்து, சாக்கு மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்து, முதுகில் வாங்கி, சின்ன வேகனில் அடுக்க வேண்டும். ஒரு பெரிய வேகன் சரக்குக்குப் பல சின்ன வேகன்கள் பிடிக்கும். கூலி, நேரம், சிதறிப்போகும் தானியம் என்று மூன்று செலவும் ஒவ்வொரு மூட்டையின் மேலும் ஏறும். சின்ன ரயிலின் பலவீனம் அது கிளம்புகிற இடத்திலேயே தொடங்கிவிட்டது.

பாதை தருமபுரியைத் தாண்டிப் பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாக மேட்டுநிலத்தை நோக்கி ஏறியது. ராயக்கோட்டை, மைசூர்ப் போரில் 1791-இல் காரன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து பிடித்த மலைக்கோட்டையின் அடிவாரம். அதற்கப்பால் கெலமங்கலம். பிறகு மத்திகிரி. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை பின்னாளில் ஓசூர் கால்நடைப் பண்ணை ஆயிற்று. கடைசி ஸ்டேஷன் ஓசூர். கேழ்வரகும் புளியும் விளையும் அந்தச் சீமையின் இயல்பான சந்தை பெங்களூர். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் பெங்களூர் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஓசூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. சின்னப் பாதை எல்லைக்கு இந்தப் பக்கமே முடிந்துபோனது. ஒரு முனையில் கேஜ் மாற்றம், மறுமுனையில் முட்டுச்சந்து. வருமானத்துக்கு வழியே இல்லாத அமைப்பு.

இரண்டரை அடி என்ற அகலம் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. குறைந்த செலவில் கிராமப்புறத்துக்கு ரயில் கொண்டுபோக முடியும் என்று நிரூபிக்க அந்நாளில் பாடுபட்டவர் எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். அவர் மராட்டிய மண்ணில் அமைத்த பார்சி லைட் ரயில்வே 1897-இல் ஓடத் தொடங்கியது. எந்த அச்சிலும் ஐந்து டன்னுக்கு மேல் பாரம் விழக் கூடாது என்று கணக்கிட்டு, பாரத்தைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்தார். அதனால் லேசான தண்டவாளமே போதுமானதாக இருந்தது. அதே பாடத்தை அவர் தன் நாட்டுக்கு எடுத்துப்போனார். ஸ்டாஃபோர்ட்ஷயரில் லீக்–மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கு ரயில்வே என்ற எட்டேகால் மைல் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலம் அங்கும் இரண்டரை அடி. வாட்டர்ஹவுசஸ் என்ற ஊரிலிருந்து ஹியூம் எண்ட் என்ற குக்கிராமம் வரை, ஆற்றோரமாக, மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மிகாமல் போகும் ரயில். பெரிய முன்விளக்கோடு அதில் ஓடிய என்ஜின்கள் இந்திய ரயில்களின் சாயலில் இருந்தன.

மொரப்பூரில் முதுகில் ஏறிய சிக்கலுக்கு மேனிஃபோல்டில் கால்த்ராப் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தாழ்ந்த அடித்தட்டுள்ள சின்ன வண்டியின் மேல் பெரிய கேஜ் வேகனையே அப்படியே ஏற்றி உட்காரவைத்து இழுத்துப் போவார்கள். எக்டன் என்ற இடத்தில் இருந்த பால்பண்ணையிலிருந்து லண்டனுக்குப் பால் போனது. அந்த ரயிலின் பிழைப்பே பால்தான். 1932-இல் பண்ணை மூடப்பட்டது. 1934 மார்ச் மாதம் ரயிலும் நின்றது. ஓடியது முப்பதே ஆண்டு. ஸ்டாஃபோர்ட்ஷயரும் தருமபுரியும் ஒன்றையொன்று அறியாத ஊர்கள். ஆனால் ஒரே அகலத்தில், ஒரே காலத்தில் பிறந்து, ஏழு ஆண்டு இடைவெளியில் முடிந்துபோன இரண்டு ரயில்களுக்கு அவை சொந்தக்காரர்கள்.

சமவெளியில் இப்படி என்றால், மலைகளுக்கு ரயில் எதற்காக ஏறியது? வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஒதுங்கிய நீலகிரிக்கு 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ரயில் ஏறியது. மூணாறில் தேயிலைக்காக 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் லைட் ரயில்வேயாக மாறிய குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம் அந்தப் பாதையை அடித்துப் போனது. திரும்பப் போடவே இல்லை. சேர்வராயன் மலையில் காபித் தோட்டக்காரர்கள் குடியேறினார்கள். ஏற்காட்டுக்குச் சாலை வந்தது. கொல்லிமலை மட்டும் காய்ச்சல் மலை என்று பெயரெடுத்தது. மலேரியாவுக்குப் பயந்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அங்கே பெரிய அளவில் கால்வைக்கவில்லை. தேயிலை இல்லை, கோடை மாளிகை இல்லை, பட்டாளம் இல்லை. சாமையும் தினையும் விளைத்துத் தின்று, மிளகையும் பழத்தையும் தலைச்சுமையாய் இறக்கிய மலையாளிப் பழங்குடி மக்களுக்காக ஒருவரும் தண்டவாளம் போட நினைக்கவில்லை. அவர்களுக்காக இல்லாவிட்டாலும், ஒரு பஞ்சத்தின் நினைவு இருந்ததால்தான் தருமபுரிக்காரர்களுக்காவது ரயில் கிடைத்தது.

1930-களில் சின்ன ரயிலுக்கு ஒரு போட்டியாளர் வந்தார்: பஸ். பஸ் ஊருக்குள்ளேயே வரும். சந்தை நடக்கும் இடத்தில் நிற்கும். கை காட்டினால் ஏற்றிக்கொள்ளும். சரக்குக்கு லாரி வந்துவிட்டது. கேஜ் மாறும் இடத்தில் மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டிய வேலை அதற்கில்லை. ரயிலுக்கும் சாலைக்கும் நடந்த போட்டி நாடு முழுவதும் கூர்மையடைந்ததால், 1932–33-இல் மிட்செல், கர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளைக் கொண்டு அரசே விசாரித்து அறிக்கை வாங்கியது. பெருவழிப் பாதைகளே தடுமாறிய அந்த ஆண்டுகளில், முதலிலேயே லாபத்துக்காகப் போடப்படாத பாதையின் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யூகிக்கலாம்.

பிறகு போர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து மத்தியக் கிழக்குக்கும் பிற முனைகளுக்கும் என்ஜின்களும் வேகன்களும் தண்டவாளங்களும் போயின. அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. ஷொரணூர்–நிலம்பூர்ப் பாதை அதில் போயிற்று. மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதை போயிற்று. மொரப்பூர்–ஓசூர்ப் பாதை 1941-இல் மூடப்பட்டது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். பஞ்சம் ஓய்ந்த 1878-இல், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் அவர்தான். போரில் இந்தியாவைக் கேளாமல் இழுத்துவிட்டதை எதிர்த்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவி விலகின. 1941-இல் சென்னை மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சியில் இருந்தது. மக்களைப் பட்டினியிலிருந்து காக்க என்று சொல்லிப் போட்ட பாதையைப் பெயர்க்கும்போது, அந்த மக்களின் பிரதிநிதிகள் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கச் சட்டசபையே இயங்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1943-இல் வங்காளம் பஞ்சத்தில் மூழ்கியது. பஞ்சத்தின் காலம் முடிந்துவிட்டது, பாதுகாப்புப் பாதைகளின் வேலையும் முடிந்துவிட்டது என்று சொல்ல அந்த ஆட்சிக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

பெயர்த்த பாதைகள் சில திரும்பி வந்தன. நிலம்பூருக்கு 1954-இல் ரயில் திரும்பியது. 1928-இல் திறக்கப்பட்ட போடிப் பாதையும் 1950-களில் மறுபடி போடப்பட்டது. அகலப் பாதையாக்க 2010 முடிவில் மூடப்பட்டபோது தேனிக்காரர்கள் விடவில்லை. வியாபாரிகளும் கட்சிக்காரர்களும் மாறி மாறிக் கேட்டார்கள். 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் ரயில் ஓடியது.

தருமபுரிக்கு வந்த பதில் பாதிதான். 1960-களின் இறுதியில் சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. 1990-களில் அது அகலமானது. பாலக்கோடும் மாரண்டஅள்ளியும் ராயக்கோட்டையும் கெலமங்கலமும் மீண்டும் ஸ்டேஷன்கள் பெற்றன. முட்டுச்சந்தாக இருந்த ஓசூர் திறந்துகொண்டது. அந்தப் பாதை செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஓசூரின் தொழிற்சாலைகளுக்கும் பாலக்கோட்டுத் தக்காளிக்கும் அது இருக்கிறது. ஆனால் பழைய பாதையின் முதல் துண்டு, 1906-இல் முதன்முதலாகத் திறந்த அந்தத் துண்டு, திரும்பவில்லை. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் நடுவே தண்டவாளம் இல்லாததால், சென்னை போக வேண்டிய தருமபுரிக்காரர் பஸ் பிடித்து மொரப்பூர் போய் அங்கே ரயில் ஏறுகிறார். தன் தாத்தா ரயிலிலேயே போன தூரத்தை அவர் பஸ்ஸில் போகிறார்.

கிருஷ்ணகிரிக்கு அதுவும் இல்லை. மாவட்டத் தலைநகரான அந்த ஊரில் இன்று ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. மாம்பழத்துக்கும் மாம்பழக் கூழுக்கும் நாடறிந்த ஊர், 1905-இல் தன்னிடம் இருந்த ஒன்றைக் கேட்டு மனுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. சர்வேக்கள் நடந்திருக்கின்றன, தண்டவாளம் வரவில்லை.

மொரப்பூர்–தருமபுரி இடையே 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பிறகு நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: பழைய ரயில் ஓடியது 35 ஆண்டு. அது போனதிலிருந்து புதிதுக்கு அடிக்கல் விழுவதற்கு 78 ஆண்டு.

இங்கிலாந்தில் மூடப்பட்ட கிராமத்து ரயில்களின் பட்டியல் நம்முடையதைவிட மிக நீளம். 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் தந்த ஒரே அறிக்கை மட்டும் சுமார் 5,000 மைல் பாதையையும் 2,363 ஸ்டேஷன்களையும் மூடச் சொல்லியிருந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் இழந்ததை அப்படியே மறந்துவிடவில்லை. மேனிஃபோல்ட் ரயில் நின்ற மூன்றே ஆண்டில், 1937-இல், அதன் தடம் நடைபாதையாகத் திறக்கப்பட்டது. இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், முன்பு ரயில் நுழைந்த சுரங்கத்துக்குள் போய்வருகிறார்கள். வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயிலை 1951-இல் தன்னார்வலர்களே எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். மொரப்பூர் ரயிலின் அதே இரண்டரை அடி அகலமுள்ள வெல்ஷ்பூல்–லான்ஃபேர் ரயில் 1956-இல் மூடப்பட்டு, 1963-இல் தன்னார்வலர் கையால் திரும்பவும் ஓடியது. ஊர்ச் சங்கங்கள் டிக்கெட்டுகளையும் கால அட்டவணைகளையும் கைவிளக்குகளையும் போட்டோக்களையும் சேர்த்து வைத்திருக்கின்றன. அந்த ரயில்களில் வேலை பார்த்தவர்களின் பேச்சையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

நமக்கு அந்த வாய்ப்பில் ஒரு பகுதி ஏற்கெனவே நழுவிவிட்டது. 1941-இல் பத்து வயதுச் சிறுவனாக அந்த ரயிலில் போனவர் யாரேனும் இருந்தால் அவர் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். கேங்மேனாகவோ ஸ்டேஷன் மாஸ்டராகவோ இருந்தவர்கள் யாரும் இனி இல்லை. ஆனால் அவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். பாலக்கோட்டிலோ கெலமங்கலத்திலோ ஒரு வீட்டுப் பரணில் ஒரு கைவிளக்கோ, ஒரு பணிச் சான்றிதழோ, கல்யாணத்துக்குப் போன ரயில் பயணத்தைச் சொல்லும் ஒரு கடிதமோ கிடக்கலாம். அவற்றைத் தேடி எடுக்க வேண்டிய நேரம் இது.

தருமபுரி அருங்காட்சியகத்தில், ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கு ஊரார் எழுப்பிய நடுகற்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. பஞ்சத்தில் மாண்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு கல் நாட்டப்படவில்லை. அவர்களின் பெயரால் போடப்பட்டதென்றால் இந்தச் சின்ன ரயில்தான். அதன் வரைபடம், அதன் ஸ்டேஷன்களின் பெயர்ப் பட்டியல், தாது வருஷப் பஞ்சத்திலிருந்து 1941 வரையிலான வரலாறு ஆகியவற்றுக்கு அந்த அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையாவது ஒதுக்க வேண்டும். கிருஷ்ணகிரி அருங்காட்சியகமும் திருப்பத்தூர்ப் பாதைக்காக இதைச் செய்யலாம். உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் பழைய தடத்தில் நடந்து, பாலமும் கரையும் எங்கெங்கே மிச்சமிருக்கின்றன என்று குறித்தால் ஒரு பருவத்துக்கான நல்ல ஆய்வாகும். புதிய பாதையைப் போடும் ரயில்வே, தருமபுரி ஸ்டேஷனில் ஒரு பலகை வைக்கலாம்: இந்த ஊருக்கு முதல் ரயில் 1906-இல் மொரப்பூரிலிருந்து வந்தது என்று.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த 36 கிலோமீட்டரை முடிக்க வேண்டும். தருமபுரிக்காரர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்கள் ஊரிலிருந்து எடுத்துப்போனதைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.